அடிப்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

கொலு முடிந்து பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கும் நாளில் அன்பர்கள் ஒரு சிறு காரியம் செய்து பார்க்கலாம். சொப்புச் சாமான்களில் மரத்தில் கடைந்தது ஏதாவது ஒன்றை, குங்குமச் சிமிழோ குட்டி உரலோ இட்லிப் பானையோ, எடுத்துத் தலைகீழாகத் திருப்புங்கள். மேல்பக்கம் எல்லாவற்றிலும் அரக்குப் பூச்சு பளபளக்கும். அதைப் பார்த்துத்தானே வாங்கினோம்! அடிப்பக்கத்தில்தான் வித்தியாசம். சிலவற்றில் ரம்பம் அறுத்த கோடுகள் அப்படியே இருக்கும். சிலவற்றில் நடுவில் ஓர் ஓட்டை, அல்லது ஆணி ஏறிய தழும்பு, அதை மறைக்க ஒட்டிய விலைச் சீட்டு. அபூர்வமாகச் சிலவற்றில் மட்டும் அடியும் வழவழவென்று, நடுவில் லேசாகக் குழிந்து, ஓரத்தில் மெல்லிய வளையக் கோடு ஒன்றுடன் முடிந்திருக்கும். தரையில் வைத்தால் ஆடாது. இந்த மூன்றாம் வகை குறைந்துகொண்டே வருகிறது. அது ஏன் குறைகிறது, குறைந்தால் நமக்கென்ன என்பதைப் பற்றித்தான் நான்கு வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

கடைசல் வேலையைப் பார்த்தவர்களுக்கு அதன் அடிப்படைச் சங்கடம் தெரிந்திருக்கும். மரத்துண்டை எங்காவது ஓரிடத்தில் பிடித்துக்கொண்டால்தான் அது சுழலும். சுழன்றால்தான் உளி வைக்க முடியும். ஆனால் பிடித்த இடத்தில் உளி போகாது. ஆகவே சிமிழின் வெளிப்புறமும் வாயும் வயிறும் கடைந்து முடித்த பிறகு, இதுவரை பிடியாக இருந்த அடிப்பக்கம் மட்டும் கரடுமுரடாக மிஞ்சுகிறது. அதைக் கடைய வேண்டுமானால் சாமானைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இப்போது பிடிக்கக் கிடைப்பதோ, கடைந்து மெருகேற்றி அரக்கும் பூசி முடித்த பக்கம். ஒரு கீறல் விழக் கூடாது. இறுக்கினால் மெல்லிய விளிம்பு பிளந்துவிடும், இறுக்காவிட்டால் சாமான் பறந்து போய்ச் சுவரில் மோதும். காலை நீட்டி உட்கார்ந்து பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டிமார்கள், முதுகு தேய்க்கக் குழந்தையைத் திருப்பிப் போடும்போது பிடிக்கும் பிடியை நினைத்துப் பாருங்கள். நழுவவும் கூடாது, நோகவும் கூடாது.

இதற்குக் கடைசல்காரர்கள் காலங்காலமாகக் கண்டுபிடித்துவைத்திருக்கும் வழிகள் கடையில் விற்பவை அல்ல. பட்டறைத் தரையில் கிடக்கும் துண்டுக் கட்டை, பழைய துணி, பழுப்புக் காகிதம், வஜ்ரம், அரக்கு, சைக்கிள் ட்யூப் இவைதான். பார்க்கிறவர்கள் இதை ‘ஒப்பேற்றல்’ என்பார்கள். இந்திக்காரர்கள் ‘ஜுகாட்’ என்பார்கள். 2012-இல் இந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து நிர்வாகவியல் புத்தகம் ஒன்று வந்து உலகெங்கும் பேசப்பட்டது. அதிலிருந்து வசதியில்லாதவன் ஏதோ செய்து சமாளிப்பதைப் பாராட்டுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. கடைசல்காரரின் துண்டுக் கட்டையை இந்தக் கணக்கில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாராட்டுகிற தொனியில் சொன்னாலும் அது ஓர் அவமரியாதை. சரியான கருவி இல்லாததால் இதை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதானே அதற்குப் பொருள்? விஷயம் நேர்மாறானது. இந்த வேலைக்குச் சரியான கருவியே அந்தத் துண்டுக் கட்டைதான்.

எப்படி என்று குங்குமச் சிமிழை வைத்தே பார்ப்போம். சிமிழ் இரண்டு பாகம்: உடல், மூடி. ஒரே கட்டையிலிருந்து இரண்டையும் எடுப்பதுதான் வழக்கம். அப்போதுதான் மூடினால் மரத்தின் ரேகை மேலும் கீழும் தொடர்ந்து ஓடும். முதலில் மூடியின் உட்பக்கத்தைக் குடைந்து, அறுத்துத் தனியே எடுத்து வைக்கிறார். பிறகு உடலின் வாயில் ஒரு கழுத்தைக் கடைகிறார். மூடி அந்தக் கழுத்தில் இறுக்கமாக ஏறும்வரை, ஒரு சீவல், இன்னொரு சீவல் என்று பொறியை நிறுத்தி நிறுத்திப் பொருத்திப் பார்க்கிறார். ‘டப்’ என்று உட்கார்ந்ததும், பொறியிலேயே இருக்கும் உடலின் மேல் மூடியும் சேர்ந்து சுழல்கிறது. மூடியின் தலையை அப்போது கடைந்து முடிக்கிறார். அதாவது, மூடியைத் திருப்பிப் பிடிக்க அவர் வேறு கருவி எதுவும் தேடவில்லை; சிமிழின் உடலே மூடிக்குப் பிடியாகிவிட்டது. மூடியின் தலை முடிந்த பிறகுதான், கையால் திறக்கும் அளவுக்குக் கழுத்தை இன்னும் ஓர் இழை சீவித் தளர்த்துகிறார். நாம் திறக்கும்போது உணருகிற அந்த மெல்லிய இழுப்பு, உடல் ஒருகாலத்தில் மூடிக்குப் பிடியாக இருந்ததன் மிச்சம்.

இனி உடலின் அடி. சிமிழை அறுத்தெடுத்துவிட்டு, பொறியில் மிஞ்சியிருக்கும் அடிக்கட்டையிலேயே ஒரு முளையைக் கடைகிறார். சிமிழின் வாய் அந்த முளையில் மாட்டிக்கொள்ள வேண்டும். முளை நேர் உருளையாக இருந்தால் போதாது; நுனியில் கடுகளவு ஒடுங்கி, அடியை நோக்கி மெல்லத் தடிக்க வேண்டும். ஒன்றிரண்டு டிகிரி சரிவு, அவ்வளவுதான். சரிவு அதிகமானால் சிமிழ் ஓரிடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு தள்ளாடும். சரிவே இல்லையென்றால் ஒன்று ஏறாது, அல்லது ஏறியபின் நிற்காது. எங்கே தொடுகிறது என்று தெரிய, முளையில் சாக்குக்கட்டி தடவி மாட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. சற்றுத் தளர்ந்துவிட்டால் ஈரத் துணியால் முளையை ஒரு தடவை துடைத்தால் மரம் ஊறிப் பிடித்துக்கொள்ளும், அல்லது ஒரு சுற்றுக் காகிதம். வேலை முடிந்ததும் பக்கவாட்டில் ஒரு தட்டு; சிமிழ் கையில். தழும்பு கிடையாது.

அகன்ற கிண்ணமாக இருந்தால் இதையே மாற்றிப் போடுவார்கள்: துண்டுக் கட்டையில் குழி கடைந்து, கிண்ணத்தின் விளிம்பை அதற்குள் அழுத்துவது. ஒன்றை முளைக்கட்டை என்றும் மற்றதைக் குழிக்கட்டை என்றும் வசதிக்காகச் சொல்லிக்கொள்வோம். தத்துவம் ஒன்றுதான். அந்தக் கட்டை எந்தப் பொறியில் சுழல வேண்டுமோ அதே பொறியில், அதே இடத்தில், அந்த நிமிஷத்தில் கடையப்பட்டது. ஆகவே அது கோணலாகச் சுழலவே முடியாது. பொறியின் அச்சு கொஞ்சம் தேய்ந்திருந்தாலும், கட்டையே அந்த அச்சைச் சுற்றிக் கடையப்பட்டதால் மையம் தப்புவதில்லை. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் நான்கு தாடைச் சக்கோ, தன் பிழையையும் பொறியின் பிழையையும் சேர்த்துக்கொண்டுதான் சுழலும்.

‘இதெல்லாம் மரவேலைக்காரர்களின் பழைய பஞ்சாங்கம்’ என்று நம் சங்கத்தின் பொறியாளர் அன்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். அவருக்குப் பதில் சொல்ல நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஹூக்ளியைத் தாண்டினால் ஹௌரா. பெலிலியஸ் ரோடு பக்கத்துச் சந்துகளில் இரும்பு கடையும் பட்டறைகளில் நுணுக்கமான வேலை வரும்போது என்ன செய்கிறார்கள்? சக்கின் கடினத் தாடைகளைக் கழற்றிவிட்டு, மெல்லிய இரும்பிலோ அலுமினியத்திலோ செய்த தாடைகளை மாட்டி, அவற்றைப் பொறியிலேயே, பிடிக்க வேண்டிய சாமானின் அளவுக்குக் குடைந்துகொள்கிறார்கள். ‘சாஃப்ட் ஜா’ என்று அதற்குப் பெயர். முடித்த முகத்தைக் கீறாமல், மையம் தப்பாமல் திருப்பிப் பிடிக்க அதைவிடச் சிறந்த வழி கணினிப் பொறிகள் வந்த பிறகும் வரவில்லை. சிமிழ்க்காரரின் குழிக்கட்டையும் இதுவும் ஒன்றுதான். இரும்பில் செய்தால் தொழில்நுட்பம், மரத்தில் செய்தால் ஒப்பேற்றலா?

இன்னொன்று. தமிழில் மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் ஒரே சொல்தான். பழைய கடைசல் பொறியும் மத்தைப் போலத்தான் இயங்கியது. கயிற்றைச் சுற்றி ஒருவர் முன்னும் பின்னும் இழுக்க, மரம் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் சுழலும். உளி பாதி நேரம்தான் வெட்டும். இப்படிப்பட்ட பொறியில் மறை போட்டு முடுக்கும் பிடிகளை மாட்டினால், எதிர்ச் சுழற்சியில் தானாகவே கழன்றுவிடும். சரிவான குழிக்குள் தட்டி ஏற்றிய மரமோ எந்தப் பக்கம் சுழன்றாலும் நிற்கும். நம் நாட்டுக் கைவினைஞர்கள் தட்டிப் பொருத்தும் முறையைப் பற்றிக்கொண்டதற்கு மறை வெட்டத் தெரியாதது காரணமில்லை என்றே நினைக்கிறேன். அவர்களுடைய பொறிக்கு அதுதான் பொருந்தியது. மோட்டார் வந்து ஒரே திசையில் சுழலத் தொடங்கிய பின்னும் சென்னபட்டணத்தில் மரத்துண்டைப் பொறியின் குழிக்குள் சுத்தியலால் தட்டி ஏற்றுகிறார்கள்.

சென்னபட்டணம் பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. பலருக்குத் தெரிந்த ஊர். கொல்கத்தாத் தமிழர்களாகிய நமக்கு அதைவிடப் பக்கத்தில் ஏட்டிகொப்பாக்கா இருக்கிறது. கோரமண்டலில் ஊருக்குப் போகும்போது அனக்காபள்ளிக்கும் துனிக்கும் இடையே, தூங்கிக்கொண்டே அதைக் கடந்துவிடுகிறோம். வராக நதிக்கரைக் கிராமம். 2017-இல் அதன் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு ஊரிலும் மரம் ஒன்றே: நாம் வெட்பாலை என்கிறோம், கன்னடத்தில் ஆலெ மரம், தெலுங்கில் அங்குடு. வெளுப்பாக, மெத்தென்று, ரேகை எழும்பாமல் இருக்கும். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு இளகிப் படியும். பிறகு தாழை ஓலையை மடித்து அழுத்தினால் கண்ணாடி போல் மெருகேறும். நம் அம்பாசமுத்திரம் சொப்புக்கும் அரக்குதான் அழகு.

இந்த அரக்கில்தான் திருப்பிப் பிடிப்பதன் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. அரக்கு 65, 70 டிகிரிச் சூட்டிலேயே இளகத் தொடங்கிவிடும். குழிக்கட்டைக்குள் சாமான் இம்மியளவு வழுக்கினாலும் உராய்வில் சூடேறி, பூச்சு இளகி, கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பளபளத்த பக்கம் பாழ். ஆகவே அரக்குச் சாமானுக்குக் குழி கடைகிறவர் வெறும் மரத்துக்குக் கடைகிறவரைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். அல்லது அடியை முதலில் முடித்துவிட்டுப் பிறகு மேலே வர வேண்டும். எது முதலில், எது பிறகு என்ற அந்த வரிசையை யோசிப்பதுதான் தொழில். வெட்டுவது அதற்கப்புறம்.

நம் ஊருக்கே வருவோம். வடக்குக் கொல்கத்தாவில் ரவீந்திர சரணியில் (பழையவர்களுக்குச் சித்பூர் ரோடு) நத்துன் பஜார்க் கடைகளில் சந்தேஷ் அச்சுகளுக்குப் பக்கத்திலேயே ‘சாக்கி-பேலுன்’ அடுக்கியிருக்கும். சப்பாத்திப் பலகையும் பூரிக்கட்டையும்தான். பூரிக்கட்டை சுலபம், இரண்டு முனைக்கும் நடுவே பிடித்துக் கடைந்துவிடலாம். பலகைதான் சோதனை. மேல்பக்கம் சமமாக இருக்க வேண்டும், அடியில் வட்டக் கால் இருக்க வேண்டும், ஆகவே கட்டாயம் ஒருமுறை திருப்பியாக வேண்டும். அந்தப் பகுதியில் ஒரு சந்தில் பலகை கடையும் முதியவர் ஒருவரிடம் சில மாதங்களுக்கு முன் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். அவர் தலைக்கு மேல் பரணில், கறுத்துப்போன வட்டக் கட்டைகள் ஐம்பதுக்குக் குறையாமல் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குழி, சிலவற்றில் படிப்படியாக மூன்று நான்கு குழிகள், கோயில் குளத்துப் படிக்கட்டு போல. வரும் பலகையின் குறுக்களவைப் பார்த்ததும் கை தானாகப் பரணுக்குப் போகும். எடுத்த கட்டையைப் பொறியில் மாட்டி, குழியின் விளிம்பில் ஒரே ஒரு மெல்லிய சீவல். பிறகு பலகையை உள்ளே வைத்து உள்ளங்கையால் ஒரு குத்து.

“இதையெல்லாம் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், தாதா?” என்று கேட்டேன்.

“யாரும் சொல்லித் தரவில்லை. என் உஸ்தாத் அடி வாங்கினதைப் பார்த்தேன். பிறகு நானும் வாங்கினேன்” என்று புருவத்துக்கு மேலிருந்த பழைய தழும்பைக் காட்டினார்.

“ஒவ்வொரு தடவையும் ஏன் ஒரு சீவல் எடுக்கிறீர்கள்? போன வாரம் இதே அளவுக்குத்தானே கடைந்தது?”

“போன வாரம் மழை இல்லையே, தாதா.”

இந்த ஒரு வரியில் ஒரு பாடமே இருக்கிறது. மரம் ஈரத்தைக் குடித்துப் பெருக்கும், காய்ந்து சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அல்ல. வளர் வளையங்களின் போக்கில் சுருங்குவது, குறுக்கே மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே நேற்று வட்டமாகக் கடைந்த கிண்ணம் இன்று முட்டை வடிவம். ஆடி மாதத்துக் கொல்கத்தாவில் காலையில் பொருந்திய குழி மாலையில் பொருந்துவதில்லை. இரும்புத் தாடைக்கு இது தெரியாது. எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே மட்டும் கவ்வும்.

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தச்சர்களுக்குத் தெரிந்தது காகித ஒட்டு: சாமானுக்கும் துண்டுக் கட்டைக்கும் நடுவே பழுப்புக் காகிதம் வைத்து இருபுறமும் வஜ்ரம் தடவி அழுத்திவிடுவது. வேலை முடிந்ததும் சந்தில் உளியை வைத்து ஒரு தட்டு. காகிதம் இரண்டாகப் பிளந்து மரம் சேதமில்லாமல் வரும். வார்ப்பட அச்சு செய்கிறவர்களும் இரண்டு பாதிகளாகப் பிரிய வேண்டிய உருவங்களை இப்படித்தான் ஒட்டிக் கடைவார்கள். அரக்கைச் சூடாக்கி அதிலேயே சாமானை ஒட்டுவது இன்னொன்று. தட்டார்கள் நகையை அரக்கில் பதித்துவைத்துச் செதுக்குவதும், மேல்நாட்டுக் கடிகாரக்காரர்கள் சிறு சக்கரங்களை அரக்கால் பித்தளை முகத்தில் ஒட்டிக் கடைவதும் இதே வழிதான். (அந்த அரக்கில் பெரும் பகுதி ஒருகாலத்தில் நம் கல்கத்தாத் துறைமுகம் வழியாகத்தான் கப்பலேறியது. புருலியாவின் பலராம்பூரும் ஜால்தாவும் இன்றும் அரக்கு ஊர்கள்தாம். ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் 1924-இல் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பழைய கிராமபோன் தட்டுகளும் அரக்குதானே!)

அகன்ற கிண்ணத்துக்கு ஒட்டுப்பலகை இரண்டு போதும். ஒன்று முழுவட்டம், மற்றதில் நடுவே ஓட்டை. கிண்ணத்தைக் கவிழ்த்து நடுவில் வைத்து, அடிப்பக்கம் ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும்படி நான்கைந்து போல்ட்டுகளால் இறுக்கினால் சாண்ட்விச் மாதிரி நிற்கும். பறக்க வழியே இல்லை என்பதால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஓரம் கோணல்மாணலாக இருந்தால், கிண்ணத்தின் வயிற்றுக்குள் துணி சுற்றிய உருண்டைக் கட்டையை வைத்து, எதிர்ப்பக்கத்து டெயில்ஸ்டாக்கின் முனையால் அடியின் நடுவை அழுத்திக்கொள்ளலாம். கடைசியில் நடுவில் சுண்டுவிரல் நுனியளவு குமிழ் ஒன்று மிஞ்சும். அதைக் கையுளியால் சீவி, உப்புத்தாள் போட்டுவிடலாம்.

காற்றுறிஞ்சும் முறை இப்போது அமெச்சூர்களிடையே பிரபலம். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரையே உறிஞ்சும் பம்பாக்கி, ரப்பர் விளிம்பு வைத்த குழாயில் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடிக்கிறார்கள். கணக்கு அழகானது. காற்று மண்டலத்தின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 177 சதுர சென்டிமீட்டர். மூன்றில் இரண்டு பங்கு காற்றை எடுத்துவிட்டால்கூட சுமார் 120 கிலோ எடையால் அழுத்துவதற்குச் சமம். ஆனால் மின்சாரம் போனால் பிடியும் போகும். மரத்தில் நுண்துளை அதிகமாக இருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ காற்று கசிந்துவிடும். கணக்கு சரியாக இருந்தும் கிண்ணம் தரையில் உருள்வதற்கு அதுதான் காரணம்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. ஒரே அளவில் ஐந்நூறு சாமான் கடைய வேண்டியவருக்கு, 1980களுக்குப் பின் மேல்நாட்டில் பரவிய மரக்கடைசல் சக்குகள் நேரத்தை மிச்சப்படுத்தும். ரப்பர்க் குமிழ்கள் வைத்த அகலத் தாடைகளில் கிண்ண விளிம்பைப் பிடிப்பது எளிது. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். அபாயத்தைப் பற்றியும் மழுப்பக் கூடாது. தட்டிப் பொருத்திய சாமான், உளி கொஞ்சம் ஆழப் பதிந்தால் கழன்று முகத்துக்கு நேரே வரும். வேகத்தைக் குறைக்க வேண்டும், முடிந்தவரை டெயில்ஸ்டாக்கை விலக்கக் கூடாது, சுழலும் சாமானுக்கு நேரே நிற்கக் கூடாது, முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு வேண்டும். நான் பார்த்த பட்டறைகளில் இந்தக் கடைசிப் பொருள் இல்லை. துண்டுக் கட்டையைப் புகழ்கிற நானே, முகமறைப்பில் மட்டும் துண்டுத் துணி போதாது என்று சொல்வேன்.

சரி, இவ்வளவு யோசனை இருந்தும் அடிப்பக்கம் ஏன் கரடாகவே வருகிறது? சித்பூர் முதியவரையே கேட்டேன். பலகையைத் திருப்பிப் பிடித்து அடியை முடிக்க, மேல்பக்கத்துக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய மறுபடியும் ஆகிறது. கூலியோ உருப்படிக் கணக்கு. கடைக்காரர் அடி முடித்ததற்கும் முடிக்காததற்கும் ஒரே விலைதான் கொடுக்கிறார், ஏனென்றால் வாங்குகிறவர் திருப்பிப் பார்ப்பதில்லை. “நீங்கள் எல்லோரும் மேலே தட்டிப் பார்க்கிறீர்கள், தாதா, தேங்காய் வாங்குகிற மாதிரி” என்றார். அவருடைய மகன் கால் வைத்த பலகையையே செய்வதில்லை. தட்டைப் பலகையில் மூன்று துண்டுகளை ஆணியடித்துவிடுகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதி நேரத்து வேலையை இலவசமாகச் செய் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஒரு தலைமுறை அடியைக் கடையாமல் விட்டால், அடுத்த தலைமுறைக்குத் திருப்பிப் பிடிக்கத் தெரியாது. அது தெரியாதவருக்குச் சிமிழ் செய்ய வராது, கிண்ணம் செய்ய வராது. பூரிக்கட்டையும் கட்டில் காலும் மட்டுமே மிஞ்சும். அந்தக் கட்டில் காலையும் இப்போது தானியங்கிப் பொறிகள் கடைகின்றன.

அரசாங்கங்கள் உதவாமலில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் தச்சர், பொம்மை செய்கிறவர் உட்பட 18 தொழில்கள் சேர்க்கப்பட்டன. கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை தரும் ஏற்பாடு அதில் உண்டு. எந்த மாநிலம் சேர்ந்தது, எது சேரவில்லை என்ற அரசியலுக்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வருவது, இப்படிப்பட்ட எந்தத் திட்டத்திலும் வாங்கக்கூடிய பொருளைத்தான் பட்டியலில் எழுத முடியும் என்பது. பரணில் கிடக்கும் ஐம்பது கட்டைகளுக்குப் பில் கிடையாது. ஆகவே அவை கருவி என்ற கணக்கிலேயே வருவதில்லை. பட்டறை கைமாறும்போது மோட்டார், உளி, பெஞ்சு எல்லாவற்றுக்கும் விலை பேசுகிறார்கள். கட்டைகள் அடுப்புக்கோ, போகிக்கு நம்மூரில் நடப்பதுபோல ஒரேயடியாக நெருப்புக்கோ போகின்றன. அவற்றோடு, எந்த மரத்துக்கு எவ்வளவு சரிவு, எந்தப் பருவத்துக்கு எவ்வளவு இறுக்கம் என்ற ஐம்பது வருஷத்துத் தீர்ப்புகளும் எரிகின்றன. பயிற்சி வகுப்புகளில் புதுப் பொறியைக் கொடுத்து, வடிவமைப்பாளரைக் கொண்டு நிறம் சேர்க்கச் சொல்லித் தருகிறார்கள், நல்லதுதான். அதில் ஒரே ஒரு வாரம், பழைய கைவினைஞர் ஒருவரை அழைத்து, ‘உங்கள் கட்டைகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்று சொன்னால் என்ன? அவருக்கும் ஆசிரியர் என்ற முறையில் அந்த வாரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஒரு சால்வையோடு அனுப்பிவிடக் கூடாது.

நம் சங்கத்தால் செய்யக்கூடியது ஒன்றிரண்டு இருக்கிறது. ஆண்டுவிழாவில் பரிசுக்காகப் பிளாஸ்டிக் கோப்பைகளும் எவர்சில்வர் டப்பாக்களும் வாங்குகிறோம். இந்த ஆண்டு அதில் ஒரு பகுதிப் பணத்தில், அடியும் முடித்த மரச் சிமிழ்களுக்கு அம்பாசமுத்திரத்திலோ ஏட்டிகொப்பாக்காவிலோ சொல்லி வைக்கலாம். சொல்லும்போதே ‘அடிப்பக்கத்துக்குத் தனிக் கூலி’ என்று எழுதி அனுப்ப வேண்டும். இரண்டாவது, லேக் மார்க்கெட் பக்கத்து நம் பிள்ளைகள் பலரிடம் நல்ல காமிராக் கைப்பேசி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவீந்திர சரணிக்கு வந்தால் அந்த முதியவரின் பரணை நான் காட்டுகிறேன். ஒவ்வொரு கட்டையையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, எந்தச் சாமானுக்கு என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வங்காளம் பேசத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது வர வேண்டும். என் வங்காளம் அளவுகளைத் தாண்டி அதிகம் போகாது. துர்கா பூஜைக்கு முன்பே போவது நல்லது. பூஜைக்குப் பிறகு அவர் ஊருக்குப் போய்விடுவார், திரும்பி வருவது முழங்கால் வலியைப் பொறுத்தது என்கிறார்.